“அண்ணே, இன்வெர்ட்டர் போச்சு”: கேம்பர் வேனின் கரண்ட் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

தை பிறந்ததும் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடி கிளம்பும். நடப்பவர்களுக்குத் துணையாக வண்டிகளும் போகும். முன்பெல்லாம் அந்த வேன்களில் அரிசி மூட்டையும் அண்டாவும்தான் இருக்கும். இப்போது படுக்கை, குட்டி ஃப்ரிட்ஜ், மிக்ஸி, இன்வெர்ட்டர், கூரையில் சோலார் பலகை எல்லாம் ஏறிவிட்டன. மற்ற மாதங்களிலும் சென்னை, பெங்களூர் என்று வெளியூரில் இருப்பவர்கள் குடும்பத்தோடு கேம்பர் வேனில் வந்து, இளையாத்தங்குடி, பிள்ளையார்பட்டி என்று நகரத்தார் பிரிவுகளுக்கு உரிய ஒன்பது நகரக் கோயிலையும் சுற்றுகிறார்கள். ராத்திரிக்குச் சொந்த ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டு ஓரமாக வண்டியை நிறுத்தி, வீட்டு பிளக்கிலிருந்து ஒரு வயர் இழுத்துக்கொள்கிறார்கள்.

காரைக்குடியில் வயரிங் வேலை பார்க்கிறவன் நான். இப்படி வருகிறவர்கள் போனில் சொல்லும் முதல் வார்த்தை, “அண்ணே, இன்வெர்ட்டர் போச்சு.” போய்ப் பார்த்தால் பெரும்பாலும் இன்வெர்ட்டர், அதாவது பேட்டரியின் டிசி கரண்ட்டை வீட்டுச் சாமானுக்கான ஏசி கரண்ட்டாக மாற்றும் பெட்டி, நன்றாகத்தான் இருக்கும். பேட்டரிக்கும் அதற்கும் நடுவே இருக்கிற நாலு முழ வயரில் கோளாறு இருக்கும். இல்லையென்றால் வண்டியைச் செருகிய வீட்டு பிளக்கில் இருக்கும். பெட்டியைக் கழற்றுவதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் பணமும் மிச்சம், பயணமும் நிற்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன்

மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். கிளாம்ப் மீட்டர் வாங்கினால் டிசி கரண்ட்டையும் அளக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்; விலை குறைந்த பலவற்றில் ஏசி மட்டும்தான் அளக்க முடியும், பேட்டரி வயரைச் சுற்றிப் போட்டால் சைபரே காட்டும். அப்புறம் ஒரு டெஸ்ட் லாம்ப்: ஹோல்டரில் மாட்டிய 60 வாட் குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு வயர். எல்இடி பல்பு இதற்கு உதவாது, கொஞ்சம் கரண்ட் கசிந்தாலே எரிந்து ஏமாற்றும்.

கையில் மோதிரம், காப்பு, கழுத்தில் தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் பேட்டரி டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவே மோதிரம் மாட்டினால் அது பழுத்து விரலோடு ஒட்டிவிடும். எதையாவது கழற்றப் போகிறீர்கள் என்றால் முதலில் வீட்டு பிளக்கைப் பிடுங்குங்கள், அடுத்து இன்வெர்ட்டர் சுவிட்ச், அப்புறம் சோலார், கடைசியாக பேட்டரியின் நெகட்டிவ். மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியில் மாட்ட வேண்டும்.

இன்னொன்று. லோடு இல்லாமல் எடுத்த வோல்டேஜ் எதையும் முழுதாகச் சொல்லாது. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் மீட்டர் 12.6 காட்டும். சாமானை ஓடவிட்டு அளப்பதுதான் அளவு.

“லைட் எரியுது, மிக்ஸி போட்டா கத்திட்டு நின்னுடுது”

இதுதான் அதிகம் வருவது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

750 வாட் மிக்ஸியை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால், இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து 70 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சுழல ஆரம்பிக்கும் அந்த நொடியில் அதற்கும் மேல். வீட்டில் இதே மிக்ஸி மூன்று, நாலு ஆம்பியர்தான் எடுக்கும். வீட்டு வயரிங்கில் கண்டுகொள்ளாமல் விடக்கூடிய ஒரு லூஸ் கான்டாக்ட், வண்டியில் கழுத்தைப் பிடிப்பது இதனால்தான். சாதாரணமாக இன்வெர்ட்டர் தன் வாசலில் 10.5 வோல்ட்டுக்குக் கீழே கண்டால், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்துக் கத்தி நின்றுவிடும். பேட்டரியில் சரக்கு இருந்தும் வழியில் தொலைந்தால் அதற்கு வித்தியாசம் தெரியாது.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டுப் பின்புறம் நின்றிருந்த வேனுக்கு இதே புகாருக்காகப் போனேன். பேரன் வண்டி. ஆச்சி பின்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து சொன்னார்: “தம்பி, பேட்டரி புதுசு, இன்வெர்ட்டர் புதுசு. ஒரு தேங்காய்ச் சில்லு அரைபடலை.” ஏற்கெனவே ஒரு கடையில் பேட்டரியைத்தான் குறை சொல்லி மாற்றியிருந்தார்கள்.

பேரனை மிக்ஸியைப் போடச் சொல்லிவிட்டு, மீட்டர் முனைகளை பேட்டரியின் ஈயக் கட்டையிலேயே வைத்தேன். மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் வைக்கக் கூடாது, கட்டையிலேயே வைக்க வேண்டும். 12.1. பேட்டரி நன்றாக இருக்கிறது. அடுத்த தடவை இன்வெர்ட்டர் டெர்மினலில் வைத்தேன். 10.4. நடுவே 1.7 வோல்ட் காணாமல் போகிறது. இனி அது எங்கே என்று தேட வேண்டியதுதான்.

தேடும் முறை சுலபம். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறு முனை இன்வெர்ட்டர் பாசிட்டிவில். இரண்டுமே பாசிட்டிவ் என்பதால் நல்ல வயராக இருந்தால் கிட்டத்தட்ட சைபர் காட்ட வேண்டும். காட்டும் எண் அந்த வழியில் தின்றது. அங்கே 1.3 வந்தது. நெகட்டிவ் பக்கம் இதேபோல் அளந்தால் 0.4. பாசிட்டிவ் வழியில் முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டு போனேன். ஃபியூஸ் ஹோல்டரின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே மட்டும் 0.9 வோல்ட்.

0.9 வோல்ட் அற்பமாகத் தெரியலாம். அதை 70 ஆம்பியரால் பெருக்குங்கள்: 63 வாட். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று அந்தக் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள் எரிகிறது என்று அர்த்தம். மிக்ஸியை நிறுத்தச் சொல்லி ஹோல்டரின் மூடியைத் தொட்டேன், விரல் வைக்க முடியவில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே செம்பு நிறம் போய் மயில்கழுத்து நீலமும் கறுப்புமாக இருந்தது. ஓரத்தில் பிளாஸ்டிக் இளகி, வெல்லப்பாகு சொட்டி உறைந்தது போல் இருந்தது. வண்டி குலுங்கிக் குலுங்கி நட்டு அரைச் சுற்று லூஸாகியிருக்கிறது, அவ்வளவுதான் ஆரம்பம். லூஸானால் சூடு, சூட்டில் செம்பு கறுக்கும், கறுத்தால் இன்னும் சூடு.

மிச்ச 0.8 வோல்ட் வயரிலும் லக்கிலும் (வயர் நுனியில் மாட்டும் செம்பு வளையம்) போனது. 16 ஸ்கொயர் எம்எம் வயர், இரண்டரை மீட்டர் போய் இரண்டரை மீட்டர் திரும்புகிறது. அந்தத் தடிமனுக்கு மீட்டருக்கு 1.2 மில்லி ஓம் என்று வைத்தால், இந்த ஐந்து மீட்டரில் 70 ஆம்பியருக்கு 0.42 வோல்ட். லக்கை ஒருவர் சுத்தியலால் தட்டி நசுக்கியிருந்தார்; இழுத்தால் வயர் கையோடு வந்தது. திரும்பி வரும் நெகட்டிவ் வயரின் முனையை வண்டி பாடியில், பெயின்டைச் சுரண்டாமல் முடுக்கியிருந்தார்கள்.

செய்தது இதுதான். இன்வெர்ட்டரை பேட்டரிக்கு ஒரு மீட்டர் தூரத்துக்குக் கொண்டுவந்தேன். 35 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், ஹைட்ராலிக் கிரிம்பரில் அடித்த லக், புது ஹோல்டர். நெகட்டிவும் பாடியை நம்பாமல் நேரே பேட்டரிக்கு. மறுபடி மிக்ஸியைப் போட்டு அளந்தபோது வழியில் போனது மொத்தமே 0.2 வோல்ட். ஆச்சி சட்னி அரைத்தார்.

12 வோல்ட் வண்டியில், முழு லோடில் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே 0.3 வோல்ட்டுக்கு மேல் போனால் நான் விடுவதில்லை. வயரைத் தடிமனாக்குவதை விட தூரத்தைக் குறைப்பது மலிவு. ஏசி பக்கம் நீட்டிக்கொள்ளுங்கள், டிசி பக்கம் நீட்டாதீர்கள். ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால், நடுவே வயர் உராய்ந்து பாடியில் பட்டால் காப்பாற்ற ஆள் இல்லை.

வயர் எல்லாம் சரி, லோடு போட்டால் பேட்டரி கட்டையிலேயே 11-க்குக் கீழே விழுகிறது என்றால் அப்போது பேட்டரியைச் சந்தேகப்படலாம். ஒரு ராத்திரி சும்மா விட்டு அளந்தால் ஈய பேட்டரி முழுதாக இருக்கும்போது 12.7 பக்கம் நிற்கும், 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் தீர்ந்தது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் இந்தக் கணக்கு ஓடாது. முக்கால்வாசி தீரும் வரைக்கும் 13-ஐ ஒட்டியே நின்றுவிட்டு, கடைசியில் சடாரென்று இறங்கும்.

டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கிற பொடியைச் சும்மா துடைத்துவிட்டுப் போகாதீர்கள். வெந்நீரில் சமையல் சோடா கரைத்துக் கழுவி, காயவைத்து, முடுக்கி, அதன் மேல் வாஸ்லின் பூசுங்கள். முடுக்குவதற்கு முன் பூசினால் அதுவே தடை. செம்பு லக்குக்கு மேல் கண்ட இரும்பு வாஷரைப் போட்டு மழையில் நனைத்தால், செம்போடு ஒட்டியிருப்பதாலேயே அந்த இரும்பு சீக்கிரம் அரித்துப்போகும். நம் காரைக்குடியில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிமானத்தையும் பேட்டரியையும் ஆராய்கிற இடம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டியது. அந்த வளாகத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம், இந்த லக் அரிப்பையும் ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டு மனிதர்கள் வேலை பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

“ஒண்ணுமே இல்லை, செத்துக் கிடக்கு”

பெரிய ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள்; கழற்றி மீட்டரில் பாருங்கள். போயிருந்தால், ஏன் போனது என்று தெரியாமல் புதுசு போடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு இப்படி என்றால் பாசிட்டிவ் நெகட்டிவ் மாறியிருக்கும். அந்த ஒரு நொடியிலேயே உள்ளே இருக்கும் பாகங்கள் போயிருக்கலாம். உண்மையிலேயே இன்வெர்ட்டர் போகிற சந்தர்ப்பம் இது.

லித்தியம் பேட்டரி என்றால் இன்னொரு காரணம் உண்டு. உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டு, தீர்ந்தாலோ அதிகம் இழுத்தாலோ வெளி டெர்மினலைத் துண்டித்துவிடும். மீட்டரில் சைபரோ ஒன்றிரண்டு வோல்ட்டோ காட்டும். பேட்டரி செத்துவிடவில்லை, தூங்குகிறது. எல்லா லோடையும் எடுத்துவிட்டு லித்தியத்தை எழுப்பும் வசதி இருக்கும் சார்ஜரைக் கொடுத்தால் எழுந்துகொள்ளும். சாதாரண சார்ஜர் சில சமயம், எதிரே பேட்டரியே இல்லை என்று நினைத்து ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது.

“ராத்திரி ஃபுல்லா இருந்துச்சு, காலையில காலி”

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இன்வெர்ட்டரில் ஒன்றும் ஓடாவிட்டாலும் அது விழித்திருப்பதற்கே ஒரு ஆம்பியர் பக்கம் எடுக்கும். 12 மணி நேரத்தில் 12 ஆம்பியர் அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு). டிசி ஃப்ரிட்ஜ் நம் ஊர் சித்திரை ராத்திரியில் சராசரியாக மூன்று ஆம்பியர் எடுத்தால் 36. இரண்டு ஃபேன் ஓடினால் அதற்கு மேல். 100 ஆம்பியர் அவர் ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். ஆக விடியும்போது காலியாக இருப்பதில் கோளாறே இல்லை.

கணக்குக்கு மேலேயும் போகிறது என்றால், எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு டிசி கிளாம்பை நெகட்டிவ் வயரில் மாட்டுங்கள். அரை ஆம்பியருக்கு மேல் காட்டினால் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த லைனில் திருடன். இன்ஜின் பேட்டரியும் வண்டிக்குள் சாமான் ஓட்டும் பேட்டரியும் ரிலேவில் (தானாக இணைத்துப் பிரிக்கும் சுவிட்ச்) இணைந்திருந்தால், ரிலே ஒட்டிக்கொண்டு இரண்டும் சேர்ந்து தீர்வதும் நடக்கும். காலையில் வண்டியும் ஸ்டார்ட் ஆகாது.

“வண்டியைத் தொட்டா சுருக்குங்குது”

இதை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். வீட்டு பிளக்கை உடனே பிடுங்குங்கள். ஈரக் கையோடும் வெறுங்காலோடும் குழந்தைகள் படியேறுகிற வண்டி இது. டயரில் நிற்பதால் பாடி தானாக பூமியைத் தொடுவதில்லை. தரையில் நிற்கும் ஆள்தான் பாலமாகிறார்.

பெரும்பாலும் நடப்பது இது. சார்ஜர், லேப்டாப் அடாப்டர் எல்லாவற்றிலும் பேஸுக்கும் (கரண்ட் வரும் வயர்) எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பும் வயர்) எர்த்துக்கும் நடுவே சின்ன கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் நன்றாக இருந்தால் அந்தக் கசிவு பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் பாடியில் சுமார் 115 வோல்ட், அதாவது பாதி வோல்ட், வந்து நிற்கும். கரண்ட் மிகக் குறைவு, சுருக்கென்று மட்டும் இருக்கும். ஆனால் இன்சுலேஷன் கிழிந்து பேஸே பாடியில் பட்டிருந்தாலும் முதல் தொடுதலில், காலில் ரப்பர் செருப்பு இருந்தால், இதே சுருக்குதான். தொட்டு வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் பிடுங்கச் சொல்கிறேன்.

இனி வீட்டைப் பார்க்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் வயரிங் பலவற்றில் இன்னும் மரப்பட்டைக்குள் ஓடுகிறது. முகப்பில் மீட்டர், அங்கிருந்து வளவை (நடு முற்றத்துப் பகுதி) தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற பின்வாசல் வரைக்கும் ஒரே பழைய வயர். இரண்டு துளை பிளக் இருந்த இடத்தில் பிறகு யாரோ மூன்று துளை பிளக் மாட்டியிருப்பார்கள். மூன்றாவது துளை இருக்கிறது என்பதால் அதன் பின்னால் எர்த் வயர் இருக்கிறது என்று ஆகாது.

வண்டியைச் செருகும் முன், டெஸ்ட் லாம்பின் வயர்களைப் பேஸிலும் நியூட்ரலிலும் கொடுங்கள், எரியும். அடுத்து பேஸிலும் எர்த்திலும் கொடுங்கள். அதே பிரகாசத்தோடு எரிந்தால் எர்த் ஓரளவு நல்லது. மங்கலாக எரிந்தாலோ எரியாவிட்டாலோ எர்த் இல்லை. வீட்டில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) இருந்தால் இந்த இரண்டாவது சோதனையில் அது விழும். எர்த் வயர் இணைந்திருக்கிறது, ஆர்சிசிபி வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்; எர்த் எவ்வளவு நல்லது என்பதை மட்டும் அது சொல்லாது. இந்தச் சோதனையைச் செய்யும் அந்தச் சில நொடிகள் வீட்டில் யாரும் ஃப்ரிட்ஜையோ மோட்டாரையோ தொட வேண்டாம். எர்த் குழி செத்திருந்தால் அந்த நேரம் அவற்றின் உடம்பிலும் கரண்ட் ஏறும்.

இதிலும் தப்பிக்கிற ஒரு ஆபத்து உண்டு, அதை நானே மூன்று, நான்கு வீடுகளில் பார்த்திருக்கிறேன். எர்த் இழுக்கச் சோம்பல்பட்டு, பிளக்குக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயர் கொடுத்துவிடுவார்கள். டெஸ்ட் லாம்ப் பளிச்சென்று எரியும். எல்லாம் சரி என்று நினைப்போம். என்றைக்காவது நியூட்ரல் வயர் அறுந்தால், வண்டிக்குள் எரிகிற ஒரு லைட் வழியாகவே பேஸ் முழுதும் வண்டி பாடிக்கு வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க, அதே பிளக்கில் ஒரு அயர்ன் பாக்ஸை ஓடவிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். தனி எர்த்தாக இருந்தால் லோடு ஏறியதும் ஒன்றிரண்டு வோல்ட்டாவது காட்டும். ஓடவிட்டாலும் சைபரிலேயே அசையாமல் நின்றால் மெயினை அணைத்து பிளக்கைத் திறந்து பாருங்கள்.

எர்த் குழி இருக்கிறது, ஆனால் பிடிக்கவில்லை என்பதும் நம் பக்கம் சகஜம். செம்பொறை மண். மழைக்காலத்தில் நன்றாக இருக்கும் எர்த் பங்குனி, சித்திரையில் காய்ந்து போகும். ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீட்டில் குழிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? போனவுடன் இரண்டு குடம் ஊற்றிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்துப் பாருங்கள்.

வண்டிக்கென்று சொந்தமாக ஒரு கம்பி அடித்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். அடியுங்கள், ஆனால் அதன் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். காய்ந்த மண்ணில் ஒரு மீட்டர் கம்பிக்கு 500 ஓம் வந்தாலும் வியப்பில்லை. 230-ஐ 500-ஆல் வகுத்தால் 0.46 ஆம்பியர். இதற்கு 16 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மேல் இழுத்தால் அணையும் சுவிட்ச்) ஒருநாளும் விழாது. ஆனால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கண் இமைக்கும் முன் விழும். எனவே வீட்டில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீட்டுக் கரண்ட் வண்டிக்குள் நுழையும் இடத்தில் உங்களுக்கென்று ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுகிறதா என்று பாருங்கள். இதற்குச் செலவழிக்கத் தயங்குகிற வண்டிக்கு நான் வேலை செய்வதில்லை.

“டெஸ்டர் ரெண்டு துளையிலயும் எரியுது” / “செருகினதும் வீட்டு ஆர்சிசிபி விழுது”

முதலாவது பேட்டரியில் ஓடும்போது தெரிவது. பல சின்ன இன்வெர்ட்டர்களின் வெளியீட்டில் எந்த முனையும் பாடியோடு இணைந்திருக்காது. பாடியிலிருந்து அளந்தால் இரண்டிலும் பாதி வோல்ட் மாதிரி காட்டும். பழுது இல்லை. ஆனால் அந்த நிலையில் வண்டிக்குள் இருக்கும் ஆர்சிசிபி காவல் காக்காது, ஏனென்றால் கசிந்த கரண்ட் திரும்பி வர வழி இல்லை. நியூட்ரலையும் பாடியையும் இணைத்துவிட்டால் வழி உண்டாகும். இன்வெர்ட்டரின் கையேடு அனுமதித்தால் மட்டுமே செய்யுங்கள். மலிவான சில பெட்டிகளில் இணைத்த நொடியே உள்ளே வெடிக்கும்.

இரண்டாவது, அந்த இணைப்பை நிரந்தரமாகப் போட்டுவிட்ட வண்டிகளில் வருவது. வீட்டு லைனில் இருக்கும்போது நியூட்ரலும் எர்த்தும் வண்டிக்குள் தொடக் கூடாது. தொட்டால் நியூட்ரலில் போக வேண்டியதில் ஒரு பங்கு எர்த்தில் போய், வீட்டு ஆர்சிசிபி விழும். பேட்டரியில் ஓடும்போது இணைந்து, வீட்டு லைன் வந்ததும் பிரிகிற ரிலே உள்ள இன்வெர்ட்டர் வேண்டும். அது சரியாக இருந்தும் விழுகிறது என்றால் வண்டிக்குள் ஒவ்வொரு எம்சிபியாக ஏற்றிப் பாருங்கள். வாட்டர் ஹீட்டர்தான் பெரும்பாலும் மாட்டும்.

வீட்டு லைனையும் இன்வெர்ட்டர் அவுட்புட்டையும் ஒரே போர்டில் கோர்த்து, “ரெண்டையும் சேர்ந்து போட மாட்டோம்ண்ணே” என்று சொன்ன ஒரு டிரைவர் தம்பியின் வண்டியில் இன்வெர்ட்டர் கருகியதைப் பார்த்தேன். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றுகிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

“வீட்டு லைன்ல போட்டும் சார்ஜ் ஏறலை”

சாயங்காலம் ஊரே மோட்டாரும் ஏர் கண்டிஷனரும் போடும் நேரத்தில், பழைய வயரின் கடைசி முனையில் 170, 180 வோல்ட்தான் கிடைக்கும். வீட்டு இன்வெர்ட்டரை வண்டியில் மாட்டியவர்கள் அதன் முதுகில் இருக்கும் யுபிஎஸ் சுவிட்சைப் பாருங்கள். யுபிஎஸ் நிலையில் பொதுவாக 180-க்குக் கீழே போனால் லைனை ஏற்காது, பேட்டரிக்கே திரும்பிவிடும். அடுத்த நிலைக்குத் தள்ளினால் 100 வோல்ட் சுமார் வரை ஏற்றுக்கொள்ளும். வண்டிக்குள் கம்ப்யூட்டர் போன்ற நுட்பமான சாமான் ஓடாதபோது அப்படி வைத்துக்கொள்ளலாம்.

எக்ஸ்டென்ஷன் வயரை உருளையில் சுற்றியபடியே வைத்து இழுக்காதீர்கள். முழுதும் பிரித்துப் போடுங்கள். சுற்றி வைத்த வயர் உள்ளே வெந்து ஒன்றோடொன்று ஒட்டியதைக் கழற்றியிருக்கிறேன். அப்புறம், 10 ஆம்பியர் சார்ஜர் 200 ஆம்பியர் அவர் பேட்டரியைப் பாதியிலிருந்து நிரப்ப பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்று மணி நேரத்தில் ஏறவில்லை என்பது பழுதல்ல.

“மத்தியானம் தானா நின்னு, சாயங்காலம் தானா வருது”

சூடு. பல இன்வெர்ட்டர்கள் 40 டிகிரிக்கு மேல் தங்கள் சக்தியைக் குறைத்துக்கொள்ளும், அப்புறம் நின்றுவிடும். சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய வேனுக்குள், அதுவும் படுக்கைக்கு அடியில் கம்பளியோடு சேர்த்து வைத்த பெட்டிக்கு 40 என்பது காலை பதினொரு மணி. ஃபேன் பக்கம் ஒரு சாண், மறுபக்கம் ஒரு சாண் இடம் விடுங்கள். செம்மண் புழுதி ஃபேன் இறக்கையில் மெத்தை மாதிரி படியும், பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஈய பேட்டரியின் தண்ணீரை மாதம் ஒருமுறை பாருங்கள்; டிஸ்டில்டு வாட்டர் மட்டும், கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். அந்த பேட்டரிப் பெட்டிக்கு வெளிக்காற்றுக் குழாயும் வேண்டும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும்.

சோலாரும் உச்சி வெயிலில் நாம் நினைப்பது போல் தராது. பலகை சுடச்சுட வோல்டேஜ் இறங்கும், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.3 சதவீதம். அதை விடப் பெரிய இழப்பு நிழல். வெயிலுக்குப் பயந்து வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு “சோலார் வேலை செய்யலை” என்கிறார்கள். ஒரு கிளையின் நிழல் பலகையில் குறுக்கே விழுந்தாலே பாதி போய்விடும். பலகைக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகுதான் பலகை.

“ஃபேன் உறுமுது, ஃப்ரிட்ஜ் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது”

சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் போன்ற சீரான அலை) இல்லாத இன்வெர்ட்டர். மோட்டார் உள்ள சாமானுக்கு அது ஆகாது, சூடாகித்தான் ஓடும். ஃப்ரிட்ஜ் மட்டும் தகராறு செய்தால் ஸ்டார்ட்டிங் கரண்ட்: 100 வாட் ஃப்ரிட்ஜ் கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு கேட்கும். முதலில் சொன்னபடி பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே எத்தனை வோல்ட் போகிறது என்று அளந்து பாருங்கள்.

“இன்ஜின் ஓடியும் பின்னால பேட்டரி ஏறலை”

இன்ஜின் ஓடும்போது முன் பேட்டரியில் 14 வோல்ட் பக்கம் இருக்கிறதா, பின் பேட்டரியில் எவ்வளவு என்று இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். முன்னால் இருந்து பின்னால் இல்லை என்றால் நடுவில் ரிலேவோ ஃபியூஸோ லூஸ் லக்கோ. லித்தியம் போட்டிருந்தால் நேரடியாக இணைக்காமல் டிசி-டிசி சார்ஜர் (இன்ஜின் பக்கத்துக் கரண்ட்டை அளவாகக் கொடுக்கும் பெட்டி) வழியாகக் கொடுங்கள். லித்தியம் கிடைத்ததையெல்லாம் இழுக்கும். இன்ஜினில் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் காய்ந்து போகும்.

“ஏதோ மீன் வாடை மாதிரி வருது”

பிளக்கோ ஹோல்டரோ சுவிட்சோ சூடாகும்போது சில வகை பிளாஸ்டிக்கிலிருந்து இந்த வாடைதான் வரும். புகை வரும் வரை காத்திருக்காதீர்கள். வீட்டு பிளக், இன்வெர்ட்டர், பேட்டரி ஐசோலேட்டர் (பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச்) என்று மூன்றையும் அணைத்துவிட்டு, புறங்கையை ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு இன்னும் இருக்கும்போதே கண்டுபிடித்துவிடலாம். வண்டிக்குள் ஒன்றும் சிக்காவிட்டால் வெளியே இறங்கி வீட்டு பிளக்கைப் பாருங்கள். பழைய 5 ஆம்பியர் சாக்கெட்டில் வண்டியின் முழு லோடும் ராத்திரி முழுக்கப் போயிருக்கும். பின்னின் நுனி கறுத்து, சாக்கெட்டின் துளையோரம் பழுப்பேறியிருந்தால் அந்த இரண்டையுமே மாற்றுங்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்றை, தனி எம்சிபியும் தனி எர்த்தும் கொடுத்து, பின்வாசல் பக்கம் போட்டுவிடச் சொல்லுங்கள். ஆளைக் கூப்பிட்டால் அரைநாள் வேலை.